பதினேழாவது கமாண்டன்ட்

பதின்மூன்றாம் வாய்ப்பாடு எனக்கு இன்றுவரை தடுமாறும். ஆனால் செம்பூருக்குக் கிழக்கே இருக்கும் ஒரு ராணுவ டிப்போவின் கமாண்டன்ட்டுகள் பதினேழு பேரையும், அவர்கள் வந்த மாதம், போன மாதத்தோடு, எப்போது கேட்டாலும் வரிசை பிசகாமல் ஒப்பிப்பேன். கேட்பவர்தான் யாருமில்லை.

அம்மா அந்த டிப்போவில் டைப்பிஸ்ட். டிப்போ என்றதும் பீரங்கியும் வெடிகுண்டும் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதிகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களைத் திருத்தவில்லை. உண்மையில் அங்கே இருந்தவை கூடாரத் துணி, கம்பளி, பூட்ஸ், கொசுவலை, தண்ணீர்க் குடுவை. பெரிய பெரிய தகரக் கொட்டகைகளில் இவற்றை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லைக்குப் போகும் சிப்பாய் குளிரில் நடுங்காமலும் கொசுக்கடி படாமலும் பார்த்துக்கொள்வதுதான் டிப்போவின் யுத்தம். அப்பாவுக்குக் குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. நாங்கள் டிப்போவுக்குள்ளேயே, சிவிலியன் ஊழியர்களுக்கான குவார்ட்டர்ஸில் இரண்டாம் மாடியில் இருந்தோம்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது டிப்போவுக்கு ஐம்பது வயது ஆயிற்று. அப்போது இருந்த கமாண்டன்ட் ஒரு பஞ்சாபிக் கர்னல். நடக்கும்போது முழங்கால் மடங்காது. எதையும் விழாவாகச் செய்வதில் பிரியமுள்ளவர். பொன்விழாவுக்கு ஒரு பிரிகேடியர் வரப்போகிறார், அவர் கையால் புதிய பெயர்ப்பலகை திறக்க வேண்டும், டிப்போவின் வரலாற்றை நாலு பக்கத்தில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கமாண்டன்ட் அறைக்கு வெளியே மாட்டியிருந்த பழைய பலகையைக் கரையான் பாதி தின்றுவிட்டிருந்தது. பழைய கோப்புகளில் பெரும்பகுதி ஒரு பெருமழையில் நனைந்து கூழாகிப் போயிருந்தது. இருக்கிற கோப்புகளைத் தேடி, இல்லாததைத் தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டு, பட்டியலும் வரலாறும் தயார் செய்யும் வேலை, தலைமை எழுத்தர் வழியாக அம்மாவின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. தலைமை எழுத்தரை எல்லோரும் படே பாபு என்பார்கள். அவருக்குக் கண்ணில் புரை. வேலையும் அவ்வளவாகப் பிடிக்காது.

அம்மா அலுவலகக் காகிதம் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டாள். அது குற்றம் என்பாள். ஆனால் இந்த வரலாறு ரகசியம் இல்லையே, எப்படியும் எல்லோர் கையிலும் கொடுக்கப்போவதுதானே என்று படே பாபு சொன்னதால், கையால் எழுதிய நகலை மட்டும் கொண்டுவந்தாள். இரவுச் சமையலுக்கு அரிசி வேகும் நேரத்தில் அடுப்படியில் நின்றபடி அவள் வாசிப்பாள், நான் தரையில் உட்கார்ந்து பிழை பார்ப்பேன். அம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. அவள் எழுதியதில் நான் ஒரு பிழையைக் கண்டுபிடித்தால், மறுநாள் டிப்போ கேன்டீனிலிருந்து எனக்கு ஒரு சிக்கி வாங்கி வருவாள். "தப்பு பண்ணுனது நானு, கண்டுபிடிச்சது நீ. அப்ப ஒனக்குத்தான பரிசு" என்பாள். சிக்கி என்றால் நம் கடலை மிட்டாய்தான். அந்த ருசிக்காகவே நான் அவளுடைய எழுத்துகளை வேட்டை நாய் போல மோப்பம் பிடிப்பேன்.

டிப்போவின் வரலாறு எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. சண்டையே இல்லை. முதல் கமாண்டன்ட் உப்பளத்தை மேடாக்கி வேலி போட்டார். மூன்றாமவர் தண்ணீர்த் தொட்டி கட்டினார். ஐந்தாமவர், பொறுப்பேற்கும் ஒவ்வொரு கமாண்டன்ட்டும் நடுச்சாலை ஓரத்தில் ஒரு மரம் நடவேண்டும் என்று விதி செய்து, தனக்கு முன்னால் வந்த நாலு பேர் பெயரிலும் தானே நட்டார். எட்டாமவருக்கு நாய் ஆகாது. ஒன்பதாமவரைப் பற்றி வரலாற்றில் 'நலப்பணிகளில் அக்கறை காட்டினார்' என்று ஒரே வரிதான் இருந்தது. அம்மா அந்த வரியை வாசிக்கும்போது மட்டும் குரலில் ஒரு மரியாதை வரும். பெண்களுக்கென்று ஒரு கக்கூஸ் கட்டியவர் அவர். அதற்கு முன்பு அலுவலகத்தின் பெண்கள் நாலு பேரும் ஆஸ்பத்திரிக் கட்டடம் வரை நடந்து போகவேண்டியிருந்ததாம். பதினோராமவர் கர்னல் பக்ஷி. மதிலை இரண்டடி உயர்த்தினார். மூன்றாம் நம்பர் கேட்டைச் செங்கல் வைத்து அடைத்தார். 'பாதுகாப்பைப் பலப்படுத்தினார்' என்று அதை எழுதியிருந்தார்கள்.

பஞ்சாபிக் கர்னலின் மனைவிக்கு ஒரு யோசனை தோன்றியது. ஊழியர்களின் பிள்ளைகள் மேடையில் ஏறி, கமாண்டன்ட்டுகளின் பெயர்களையும் சேவைக் காலத்தையும் ஒவ்வொருவரைப் பற்றி ஒரு வரியையும் இந்தியில் ஒப்பிக்க வேண்டும். தவறில்லாமல் சொல்லும் பிள்ளைக்கு ஒரு சைக்கிள். சைக்கிள் முன்கூட்டியே வாங்கப்பட்டு, சிவப்பு நிறத்தில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், கேன்டீன் வாசலில் நிறுத்தப்பட்டுவிட்டது. நான் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் அதன் மணியை அடித்துப் பார்ப்பேன். போட்டிக்கு ஏழெட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆனால் பட்டியலே எங்கள் வீட்டு அடுப்படியில் தயாராகும்போது மற்றவர்கள் எதற்கு வீணாக மெனக்கெடுகிறார்கள் என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.

பட்டியலைப் பாராமல் சொல்லப் பழகியபோதுதான் அந்த ஓட்டை கண்ணில் பட்டது. பத்தாமவர் ஜனவரியில் போகிறார். பதினோராமவரான பக்ஷி அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில் வருகிறார். நடுவில் ஆளே இல்லை. மற்ற எல்லோரும் ஒருவர் எழுந்த நாற்காலியில் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, இங்க ஏழு மாசம் ஆளில்ல பாரு. தப்பு! சிக்கி!"

அம்மா கரண்டியை வைத்துவிட்டு வந்து காகிதத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"அது தப்பில்லட்டி. சார்ஜ் எடுக்க நாளாயிருக்கும்."

"ஏழு மாசமா?"

"ஒனக்கு என்னத்துக்கு அதெல்லாம்? எழுதிக் குடுத்தத மட்டும் சொல்லு. கூடக்கொறையப் பேசக்கூடாது அங்க."

கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா ஒருமுறை தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். மறுநாள் சிக்கி வரவில்லை. தப்பு இல்லாத இடத்தில் தப்பு சொன்னதால் வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

விழா ஜூன் முதல் வாரத்தில். மழை தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கர்னல் அவசரப்படுத்தினார். விழாவுக்கு நாலு நாள் முன்பு ஒத்திகைக்காக எங்களை அலுவலகப் பகுதிக்குள் விட்டார்கள். என் முறை வருவதற்கு நேரம் இருந்தது. நடுச்சாலை ஓரம் கமாண்டன்ட்டுகள் நட்ட மரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் முழங்கால் உயரத்தில் ஒரு சிமெண்டுக் கல், அதில் நட்டவரின் பெயர், தேதி. பாடத்தைப் புரட்டிப் பார்ப்பதைவிட இது வசதியாக இருந்தது. கல்லைப் பார்க்காமல் பெயரைச் சொல்வேன், பிறகு குனிந்து சரிபார்ப்பேன், அடுத்த மரத்துக்குப் போவேன். பத்தாவது மரம் வரை எல்லாம் சரி. பதினோராவது மரத்தடியில் இருந்த கல்லில் எழுத்தே இல்லை. அது ஒரு நாவல் மரம், நல்ல காய்ப்பு, கீழே தரையெல்லாம் ஊதாக் கறை. அதற்கடுத்த மரத்தில் கர்னல் பக்ஷியின் பெயர் இருந்தது. எண்ணிப் பார்த்தேன். பெயர்கள் பதினாறு, மரங்கள் பதினேழு.

மரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். கல் திரும்பி நின்றிருந்தது. எழுத்தெல்லாம் மதிலைப் பார்த்தபடி. பாசியைச் செருப்பால் தேய்த்ததும் தெரிந்தது: லெப்டினன்ட் கர்னல் லிங்டோ. தேதி, அந்த ஏழு மாதத்துக்குள் சரியாக வந்து விழுந்தது.

பக்கத்தில் தோட்டக்கார காகா குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். மராத்திக்காரர். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் காகா, அதாவது சித்தப்பா. யார் இந்த லிங்டோ என்று இந்தியில் கேட்டேன்.

"அரே பேட்டி, ஏ தோ பாரிஷ்வாலா சாப்" என்றார். மழைக்கார சாப்.

அவர் சொன்ன கதை சின்னதுதான். லிங்டோ சாப் மேகாலயாவிலிருந்து வந்தவர், குட்டையானவர், அதட்டிப் பேசத் தெரியாது. அந்த வருஷம் ஜூலையில் மழை வெளுத்து வாங்கியது. கடலும் ஏறியிருந்ததால் தண்ணீர் வடிய வழியில்லை. டிப்போவின் பின்மதிலை ஒட்டியிருந்த குடிசைப் பஸ்தியில் பிற்பகலுக்குள் இடுப்பளவு தண்ணீர். டிப்போ மேட்டில் இருந்தது. லிங்டோ சாப் மூன்றாம் நம்பர் கேட்டைத் திறக்கச் சொன்னார். பஸ்தி முழுக்க உள்ளே வந்தது. இரண்டு கொட்டகைகளைக் காலி செய்து படுக்க இடம் கொடுத்தார், கம்பளி மூட்டைகளைப் பிரித்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். கொஞ்சம் கம்பளியும் தார்ப்பாயும்கூடப் போய்விட்டன. அடுத்த வாரமே மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், விசாரணை நடந்தது, சாப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பிறகு ஒரு இன்ஸ்பெக்‌ஷனின்போது, இந்தக் கல் கண்ணில் படவேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். காகா திருப்பி வைத்தார். திருப்பி வைக்கச் சொன்னவர் மாற்றலாகிப் போய்விட்டார், மறுபடியும் இந்தப் பக்கம் திருப்பு என்று சொல்ல யாரும் வரவில்லை.

காகா எனக்கு ஒரு கை நாவல் பழம் கொடுத்தார். நான் தின்றுகொண்டே யோசித்தேன். அம்மா பாவம். அத்தனை கோப்பும் நனைந்துபோனால் அவள்தான் என்ன செய்வாள்? ஒரு ஆளையே விட்டுவிட்டாள். இதுவரை நான் கண்டுபிடித்ததெல்லாம் ஓர் எழுத்து விட்டுப்போன பிழைகள் மாதிரி சில்லறை. இது ஒரு முழு லெப்டினன்ட் கர்னல். அன்று சாயங்காலமே அவளிடம் சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது. ஆனால் முன்னால் சொன்னபோது 'தப்பில்லை' என்று தள்ளிவிட்டாளே. மேடையில், எல்லோர் முன்னாலும், நான் சொல்லும்போது அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன். சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

"நாக்கு ஏன் இப்பிடி ஊதாவா இருக்கு?" என்று மட்டும் அம்மா கேட்டாள்.

"நாவப்பழம்."

"மரத்துல ஏறுனியாக்கும்?"

"இல்லம்மா. காகா குடுத்தாரு."



விழா நாளன்று பரேடு மைதானத்தில் பெரிய பந்தல். முன்வரிசை சோபாக்களில் பிரிகேடியரும் அதிகாரிகளும் அவர்களுடைய மனைவிமாரும். பின்னால் நாற்காலிகளில் ஊழியர்களும் குடும்பங்களும். அம்மா தேங்காய்ப்பால் நிறத்தில், ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கு மட்டும் உடுத்தும் பட்டுச் சேலை உடுத்தி மூன்றாம் வரிசையில் இருந்தாள். அப்பா பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பிரிகேடியர் கயிற்றை இழுத்தார், துணி விலகியது. தேக்குப் பலகை, பித்தளை எழுத்து. பதினாறு பெயர்கள். கீழே வருங்காலக் கமாண்டன்ட்டுகளுக்காக விட்டிருந்த வெற்றிடம் பளபளவென்று இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு முன்னால் மூன்று பேர். முதல் பெண் ஆறாமவரோடு நின்றுபோய் அழுதாள். அடுத்தவன் இரண்டு பேரை இடம் மாற்றினான். ஒரு ஹவில்தாரின் பையன் மட்டும் மூச்சு விடாமல் பதினாறையும் சொல்லி முடித்தான். என் முறை வந்தது. மைக் எனக்கு உயரமாக இருந்தது, படே பாபு வந்து தாழ்த்தினார். நான் நிதானமாகத்தான் தொடங்கினேன். வேலி, தொட்டி, மரம், நாய், எல்லாம் வந்தன. பத்தாமவரை முடித்துவிட்டு ஒரு மூச்சு இழுத்தேன்.

"பதினோராவது, லெப்டினன்ட் கர்னல் லிங்டோ. பெருமழையில் மூன்றாம் நம்பர் கேட்டைத் திறந்து, பஸ்தி ஜனங்களுக்கு இடம் கொடுத்தார்."

இந்தியில் இது இன்னும் அழகாக இருக்கும். இரண்டு நாள் வார்த்தை தேடி அமைத்த வாக்கியம் அது.

 பிரிகேடியர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தார், பிறகு கர்னலைப் பார்த்தார். கர்னல் எழுந்து நின்றார். அவருடைய மனைவி சிரித்தபடியே, குழந்தை குழம்பிவிட்டது என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொல்வது எனக்குக் கேட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் ஒன்றும் குழம்பவில்லை. மைக்கிலேயே சொன்னேன், நாவல் மரத்தடிக் கல்லில் பெயர் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

"அப்படியானால் பலகையில் ஏன் இல்லை?" என்று கேட்டார் பிரிகேடியர். கோபமாக அல்ல. ஒரு பிள்ளையிடம் விளையாட்டாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"மம்மி லிஸ்ட் டைப் பண்ணும்போது விட்டுவிட்டாள், சார்" என்றேன். அவள் சார்பாகப் பேச வேண்டும் என்று தோன்றியதால், "அவளுக்கு வேலை அதிகம்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

சிலர் சிரித்தார்கள். எல்லோரும் திரும்பி மூன்றாம் வரிசையைப் பார்த்தார்கள். கர்னல் அம்மாவைப் பார்த்து, டைப்பிங் மிஸ்டேக்கா மேடம் என்று கேட்டார். இல்லை சார், பிள்ளை தெரியாமல் பேசுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், விழா அதன்போக்கில் நடந்து முடிந்திருக்கும். கர்னலும் அந்த ஒரு வார்த்தையை எதிர்பார்த்துத்தான் அப்படிக் கேட்டார் என்று இப்போது படுகிறது. அம்மா எழுந்தாள். முன்நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் நான் நினைத்துப் பார்த்த மாதிரி மாறவில்லை.

"கல்தி மேரி ஹை, சாப்" என்றாள். தப்பு என்னுடையது. பிறகு, "பச்சி சஹி போல் ரஹி ஹை" என்றாள். பிள்ளை சொல்வது சரி.

அவ்வளவுதான். அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் மீதிப் பெயர்களைச் சொல்லி இறங்கினேன். கைதட்டினார்களா என்று ஞாபகமில்லை. சைக்கிள் ஹவில்தாரின் பையனுக்குப் போயிற்று. அவன் பலகையில் உள்ளபடி சொன்னான்.  வீட்டுக்குப் போகும்போது அப்பா அம்மாவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் கர்னல் அம்மாவைக் கூப்பிட்டு அரைமணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாராம். தலைமையகத்துக்குக் கடிதம் போயிற்று. லிங்டோ பொறுப்புக் கமாண்டன்ட்டாக இருந்தது உண்மைதான், பெயர் சேர்ப்பதில் ஆட்சேபணை இல்லை என்று பதில் வந்தது. ஆனால் பலகையில் பத்தாமவருக்கும் பதினோராமவருக்கும் நடுவே ஒரு பெயரை நுழைக்க இடமில்லை, புதிய பலகை செய்ய அனுமதியும் இல்லை. எனவே அப்போது பதவியில் இருந்த பஞ்சாபிக் கர்னலுக்கும் கீழே, பதினேழாவதாக, லிங்டோவின் பெயரைப் பொருத்தினார்கள். எழுத்தின் பித்தளை கொஞ்சம் வேறு நிறம். பலகையை மட்டும் படிப்பவர்களுக்கு, அவர் இன்னும் வரவேண்டிய கமாண்டன்ட் என்று தோன்றும்.

இதில் அம்மாவின் பங்கு என்னவென்று எனக்குத் தெரியவந்தது பல வருடங்கள் கழித்து, அவள் ஓய்வு பெற்ற அன்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நாங்கள் டோம்பிவிலிக்குக் குடிபோயிருந்தோம். பிரிவுபசார மாலையும் சுவர்க்கடிகாரமுமாக அவளைக் கூட்டிக்கொண்டு குர்லாவில் ரயில் ஏறினேன். லேடீஸ் பெட்டியில் தாணேக்குப் பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. எதிரே ஒரு பெண் மடியில் தட்டை வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பலகையில் அந்தப் பெயர் இன்னும் கீழேதான் இருக்கிறதா என்று நான் சும்மா கேட்டேன்.

"கீழதான் இருக்கு" என்றாள். பிறகு கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.

"அந்த மழ பெஞ்ச அன்னைக்கு நீ பஸ்தில இருந்தட்டி. நாலு மாசப் பிள்ள. நமக்கு வீடு அப்ப அங்கதான். ஒன்னையப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட விட்டுட்டு நான் வேலைக்கு வந்திருந்தேன். டெம்பரவரி வேல. தண்ணி ஏறுதுன்னு வாட்ச்மேன் வந்து சொன்னதும், நான் லிங்டோ சாப் ரூம் கதவத் தள்ளிட்டு உள்ள ஓடிட்டேன். மே ஐ கம் இன்னுகூடக் கேக்கல. எம்பிள்ள அங்க இருக்கு சாப், கேட்டத் தொறங்கன்னு தமிழ்லயும் இந்திலயும் கத்துனேன். அவரு போன எடுத்து மேல கேக்கப் பாத்தாரு. லைன் கெடைக்கல. வச்சிட்டாரு. தொப்பிய எடுத்து மாட்டிட்டு மழைக்குள்ள எறங்கிட்டாரு."

விசாரணை நடந்தபோது வாக்குமூலங்களை அடிக்க இங்கிலீஷ் டைப்பிஸ்ட் வேண்டியிருந்தது. அம்மாவைத்தான் உட்கார வைத்தார்கள்.

"பஸ்தில தண்ணி வந்தது ஒமக்கு எப்பிடித் தெரியும், யாரு வந்து சொன்னான்னு கேட்டாவ. யாரும் சொல்லல, என் ஜன்னல் வழியா நானே பாத்தேன்னாரு. அவரு ஜன்னலு கொடிமரத்தப் பாத்துல்லா இருக்கு! பஸ்தி அந்தப் பக்கமே கெடையாது. எனக்குத் தெரியும். நான் அடிச்சேன், ஜன்னல் வழியான்னு."

"உங்கிட்ட ஒண்ணும் கேக்கலயாம்மா?"

"கேட்டாவ. அன்னைக்கு யாரும் உள்ள போனாவளா மேடம், நீங்க வெளி ரூம்லதான இருந்தியன்னு. நோ சார்ன்னேன்." பட்டாணி உரிக்கும் பெண்ணின் விரல்களையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு என் பக்கம் திரும்பவே இல்ல. அந்த நோ சாரையும் நாந்தான் அடிச்சேன்."

மூன்று மாதத்தில் அவளுக்கு வேலை நிரந்தரமாயிற்று. உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் கர்னல் பக்ஷி. நிரந்தரமானதால் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் வந்தோம். லிங்டோ ராணுவத்தை விட்டே போய்விட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டாளாம். பொன்விழாவுக்குப் பிறகு ஷில்லாங் விலாசம் ஒன்றைத் தேடிப்பிடித்து எழுதினாள். பதில் இல்லை. கடிதம் திரும்பியும் வரவில்லை. அந்தப் பட்டியலில் பெயரை ஏன் விட்டாய் என்று கேட்டேன். தலைமையகம் அனுப்பிய பட்டியலிலேயே இல்லை, ஆனால் சேர்த்திருக்கலாம் என்றாள். சேர்த்தால் அவரைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரியை எப்படி அடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ரயில் திவாவைத் தாண்டியது. நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு மெமோவைப் பற்றி.

விழா முடிந்த வாரத்தில், கவனக்குறைவாகப் பட்டியல் தயாரித்ததற்காக அம்மாவுக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். கர்னல் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இத்தனை வருஷம் கழித்து விசாரணையைத் தோண்ட வேண்டாம், கவனக்குறைவு என்று முடித்துக்கொள்வோம் என்றாராம். டிப்போவில் வேறு இங்கிலீஷ் டைப்பிஸ்ட் இல்லாததால், தன் பெயருக்கு வந்த அந்த மெமோவையும் அம்மாவேதான் டைப் அடித்தாள். படே பாபு வெட்கப்பட்டுக்கொண்டே கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். அவள் சர்வீஸில் அதுதான் முதல் கறுப்புப் புள்ளி. அதன் நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வரும் வழியில் மார்க்கெட்டில் இறங்கி, பெரிய பாப்லெட் மீனாகப் பார்த்து வாங்கி வந்தாள். பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் எங்கள் வீட்டில் அந்த மீன்.

நான் சைக்கிளை நினைத்து அழுதுகொண்டிருந்தேன். சரியாகச் சொன்னவளுக்குப் பரிசு இல்லை, தப்பைக் கண்டுபிடித்ததற்குச் சிக்கிகூட இல்லை, நான் வாயைத் திறந்ததால் அம்மாவுக்குத் தண்டனை வேறு. எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அம்மா மெமோவை எடுத்து அப்பாவிடம் காட்டினாள். அவர் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவள் அதைப் பைபிளுக்குள் வைத்தாள். பிறகு கைகழுவி வந்து உட்கார்ந்தாள். ரசித்து ரசித்துச் சாப்பிட்டாள். முள்ளை உறிஞ்சினாள். இன்னொரு துண்டு போடச் சொன்னாள். அப்பா எழுந்துபோய்ப் போட்டார்.

திட்டு வாங்கி வந்த ஒருத்திக்கு எப்படி இப்படிப் பசிக்கும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அம்மா தலையைத் தூக்காமலே, "ஒனக்கு வேண்டாம்னா இங்க போடு" என்று என் மீனையும் எடுத்துக்கொண்டாள்.